ஒதியந்திடலுக்குக் கட்டிய மூட்டை

எங்கள் சங்கத்து மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த இளம் சர்வேயர்கள் இரண்டு பேரும் உட்கார்ந்ததும் கேட்ட முதல் கேள்வி, "சார், நீங்க கேம்ப் போறப்ப அரிசி பருப்பெல்லாம் தலையில தூக்கிட்டுப் போவீங்களாமே, நெசமா?" என்பதுதான். கேட்டுவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சிரிப்பை அடக்குகிறார்களாம். காலையில் மோட்டார் சைக்கிளில் போய், முக்காலி மேல் கருவியை நிறுத்தி, பொத்தானை அமுக்கிவிட்டு, மதியச் சாப்பாட்டுக்கு மெஸ்ஸுக்குத் திரும்பி வருகிற பிள்ளைகள். சிரிக்கட்டும். நானும் முக்கால் கட்டுரை வரைக்கும் சிரிக்கத்தான் வைப்பேன். அதற்கு மேல் என்னால் ஆகாது, இப்போதே சொல்லிவிடுகிறேன்.

ஒரு திருத்தம். தலையில் தூக்கியது நான் இல்லை. முருகையன். எங்கள் செயின்மேன். அளவுச் சங்கிலியின் ஒரு முனையைப் பிடிப்பதும், கொடிக்கம்பு நடுவதும், மூட்டை சுமப்பதும் அவர் வேலை. என்னைவிட இருபது வயது பெரியவர். ஆபீஸ் வழக்கப்படி நான் அவரை 'நீ' என்பேன், அவர் என்னை 'சார்' என்பார். அந்தக் காலத்தில் அது யாருக்கும் உறுத்தவில்லை. எனக்கும்தான்.

தஞ்சாவூரில் ஆறு மாதம் பயிற்சி. அதில் சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. நான் முதன்முதலில் அளந்து வரைந்த படத்தில் ரயில் பாதை கோட்டை அகழிக்குள் இறங்கி மறுபக்கம் ஏறியது. பயிற்சி கொடுத்தவர் அதை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "ரயிலுக்கு நீச்சல் தெரியுமாப்பா?" என்று மட்டும் கேட்டார். எப்படியோ தேறி, வேதாரண்யத்தை ஒட்டிய பகுதிக்குச் சர்வேயராக வந்து சேர்ந்தேன். எழுபதுகளின் தொடக்கம். கழக ஆட்சி வந்து, குடிசை போட்டிருக்கிறவனுக்கே அந்த மனை சொந்தம் என்று சட்டம் வந்து, மேடைக்கு மேடை அதையே பேசிக்கொண்டிருந்த நேரம். வயலில் சிவப்புக் கொடி, வரப்பில் போலீஸ், கூலித் தகராறு, அறுப்புத் தகராறு. இந்த இரண்டு தரப்புக்கும் நடுவில் சங்கிலியை இழுத்துக்கொண்டு போக வேண்டியவர்கள் நாங்கள்.

எனக்கோ பிறவியிலேயே பயம் உண்டு. பாம்புக்குப் பயம், இடிக்குப் பயம், கொம்பு சீவின மாட்டுக்குப் பயம், மிராசுதாருக்குப் பயம், ஆழமான தண்ணீருக்குப் பயம், குடிக்கத் தண்ணீர் கிடைக்காமல் போய்விடுமோ என்று பயம். இத்தனை பயத்துக்கும் தனித்தனியே ஒரு சாமான் எடுத்து வைத்தால் மூட்டை என்ன ஆகும்?

அது என்ன ஆகும் என்பதை என் முதல் கேம்ப் அன்றைக்கே கலியபெருமாள் சார் காட்டிவிட்டார். அவர் எங்களுக்கு மேலதிகாரி. ஒல்லியான உடம்பு, வெள்ளைச் சட்டை, சித்திரை வெயிலானாலும் கார்த்திகை மழையானாலும் கையில் ஒரு குடை. அந்தக் குடையை அவர் விரித்து நான் பார்த்ததில்லை. குரலை உயர்த்தியும் கேட்டதில்லை. கேம்ப் கிளம்புகிற நாள் காலையில் ஆபீஸ் வராந்தாவில் ஒரு கோரைப்பாயை விரிக்கச் சொல்வார். மூட்டையை அவிழ்த்து எல்லாவற்றையும் பாயில் பரப்ப வேண்டும். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு சுற்று வருவார். பிறகு ஒவ்வொரு சாமானையும் குடை நுனியால் தொட்டு, சம்பந்தி வீட்டு ஆட்களை விசாரிக்கிற மாதிரி விசாரிப்பார்.

"இவரு எதுக்கு வர்றாரு?"

"அது பிளேடு சார். பாம்பு கடிச்சா கீறி விடறதுக்கு."

"இவரு?"

"பர்மாங்கனேட் சார். கீறின இடத்துல வைக்கறதுக்கு."

"இவரு?"

"விசில் சார்."

"பாம்பைக் கூப்பிடறதுக்கா?"

விசில் போயிற்று. இரண்டாவது குடை போயிற்று. கொசுவலை போயிற்று. நாய் விரட்ட வைத்திருந்த மிளகாய்ப்பொடியும், மூன்றாவது நான்காவது சட்டைகளும், தாயத்து வைத்த டப்பாவும் போயின. ஒவ்வொன்றுக்கும் நான் சொன்ன பதில் ஒன்றுதான்: "எதுக்கும் இருக்கட்டும்னுதான் சார்." அன்றையிலிருந்து ஆபீஸில் என் பெயர் 'எதுக்கும் சார்'. ஓய்வு பெற்ற நாளில் மாலையோடு அந்தப் பெயரையும் திருப்பிக் கொடுக்கப் பார்த்தேன், யாரும் வாங்கிக்கொள்ளவில்லை.

"தூக்கப் போறது யாரு?" என்றார் சார்.

"முருகையன், சார்."

"முருகையா, அந்தப் பழைய மூட்டைய ஒரு தடவ தூக்கிப் பாரு."

எல்லாவற்றையும் மறுபடி கட்டித் தலையில் ஏற்றினார்கள். முருகையனின் கழுத்து தோளுக்குள் இறங்கியது.

"எப்படி இருக்கு?"

"பொண்ணு வீட்டுச் சீர் வரிசையாட்டம் இருக்குங்க. மாப்பிள்ளதான் யாருன்னு தெரியல."

அதன் பிறகு என்ன எடுக்க வேண்டும் என்பதைச் சார் வரிசையாகச் சொன்னார். செயின். தரையில் குத்தி எண்ணிக்கை வைக்க இரும்பு அம்பு பத்து. கொடிக்கம்பு மூன்று. செங்கோணம் பார்க்கிற கட்டை ஒன்று. அளவுப் புத்தகம், எண்ணெய்த் துணியில் சுற்றி. சாப்பாட்டுக்கு, ஆளுக்கு வேளைக்கு ஓர் ஆழாக்கு அரிசி. பருப்புப்பொடி. காலையில் நனைத்துத் தின்ன அவலும் வெல்லமும். பீங்கான் ஜாடியில் புளிக்காய்ச்சல். நார்த்தங்காய். உப்பு. தீப்பெட்டியை மூடியுள்ள தகர டப்பாவில் போட்டு மேலே ஒரு பிடி அரிசியைப் போட வேண்டும், ஈரம் ஏறாது. முதல் நாளுக்குக் கட்டுச்சோறு. புளிச்சோற்றை நன்றாக ஆறவிட்டு, தணலில் வாட்டிய வாழையிலையில் கட்டி, தோள்பையில் தனியாக. மண்ணெண்ணெய் பாட்டிலைக் கொடிக்கம்பில் கட்டிக் கையில் பிடித்து வர வேண்டும். சாக்குக்குள் அது நுழையவே கூடாது. நல்ல தண்ணீர் கூஜாவில். கடலோரக் கிணறுகளை நம்ப முடியாது.

"தண்ணி கூடவா சார்? ஊர்ல தண்ணி தர மாட்டாங்களா?" என்று கேட்டேன்.

"தருவாங்க. அதான் எடுத்துட்டுப் போறோம்."

அதன் பொருள் மாயவரம் பக்கம் ஓர் அண்ணன் தம்பி வரப்புத் தகராறில்தான் புரிந்தது. எங்களை உதவிக்கு அங்கே அனுப்பியிருந்தார்கள். அண்ணன் வீட்டு அம்மாள் பித்தளை டம்ளரில் காபி கொண்டுவந்து நீட்டினார். டிகிரி காபி. வாசனையிலேயே நான் பாதி கையெழுத்துப் போட்டுவிட்டேன். கலியபெருமாள் சார் கும்பிட்டு மறுத்துவிட்டுத் தன் கூஜாவைத் திறந்து இரண்டு வாய் தண்ணீர் குடித்தார். அம்மாளுக்கு முகம் சிவந்துவிட்டது.

"ஏங்க, வெஷமா கலந்திருக்கோம்?"

"இல்லம்மா. உங்க காபி ரொம்ப நல்லா இருக்கும்னு தெரியுது. அதான் பயமா இருக்கு."

வழக்கு இருக்கிற மண்ணில் எந்தத் தரப்பிடமும் ஒரு வாய்ச் சோறு, ஒரு மடக்குத் தண்ணீர், படுக்க ஒரு பாய் வாங்கக் கூடாது. இது எழுத்தில் இல்லாத சட்டம். ஆனால் விசாரணை என்று வந்தால் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் தேடுவது இதைத்தான். அளவில் பிழை கண்டுபிடிக்கக் கணக்குத் தெரிய வேண்டும். சர்வேயர் யார் வீட்டில் சாப்பிட்டார் என்று கண்டுபிடிக்க ஒரு கண் போதும்.

இப்போது ஒதியந்திடல்.

திடல் என்றால் வயல்வெளிக்கு நடுவே நிற்கும் மேடு. சுற்றிலும் நடவு, சுற்றிலும் தண்ணீர். அந்த மேட்டில் பதினொரு குடிசை. மண்சுவர், மேலே கீற்று. நடுவில் ஒரு பெரிய ஒதிய மரம். குடியிருந்தவர்கள் எல்லாரும் ஒரே மிராசுதாரிடம் வேலை செய்தவர்கள். புதுச் சட்டப்படி அந்த மனைகள் அவர்களுக்குச் சேர வேண்டும். மிராசுதார் தரப்பு, 'இவை நேற்று முளைத்த குடிசைகள், பட்டா வாங்குவதற்காகவே போட்டவை' என்று எழுதிக் கொடுத்திருந்தது. பதினொன்றையும் ஒவ்வொன்றாக அளந்து, சுவரின் வயது, அடுப்பின் வயது, முருங்கையின் பருமன் எல்லாம் குறித்து, வெள்ளிக்கிழமை விசாரணையில் வைக்க வேண்டும். புதன்கிழமை போய் வியாழக்கிழமை சாயங்காலம் திரும்புகிற வேலை. பஸ்ஸை விட்டு இறங்கினால் ஐந்து மைல் வரப்பு.

கலியபெருமாள் சார் வருவதாகத்தான் இருந்தது. செவ்வாய்க்கிழமை அவருக்குக் கோர்ட்டில் சாட்சி சொல்ல ஓலை வந்துவிட்டது. "நீயே போயிட்டு வா. ரெண்டு நாள்தானே" என்றார். அதாவது, வராந்தாவில் பாய் விரிக்க ஆள் இல்லை. என் மூட்டையை நானே கட்டலாம். பரீட்சை மேற்பார்வையாளர் வெளியே போன வகுப்பு மாதிரி ஆகிவிட்டது எனக்கு.

பிளேடு வந்தது. விசில் வந்தது. கொசுவலை வந்தது. மிராசுதாரின் ஆட்கள் அடித்தால் கட்டுவதற்கு அரை முழம் பஞ்சு வந்தது. முருகையன் எல்லாவற்றையும் கட்டிக்கொண்டே வந்தார். மண்ணெண்ணெய் பாட்டிலை வழக்கம்போலக் கொடிக்கம்பில் கட்டினார். அவர் டீ குடிக்கப் போன நேரத்தில், அந்த ஒரு பாட்டில் உடைந்துவிட்டால் இருட்டில் என்ன செய்வது என்று எனக்கு வியர்த்துவிட்டது. இன்னொரு பாட்டில் பிடித்தேன். தக்கை கிடைக்கவில்லை, காகிதத்தைச் சுருட்டி அடைத்தேன். அதை அரிசிச் சாக்குக்குள், அரிசிப் பைக்கும் அவல் பைக்கும் நடுவே, குழந்தையைத் தொட்டிலில் விடுகிற மாதிரி நிமிர்த்தி வைத்து மூடினேன். எதுக்கும் இருக்கட்டும்.

திடலுக்கு முன்னால் ஒரு வாய்க்கால். பாலம் என்று பெயருக்கு ஒரே ஒரு பனைமரத்தைக் குறுக்கே போட்டிருந்தார்கள். முருகையன் கொடிக்கம்பையும் செயினையும் எடுத்துக்கொண்டு நடந்து போய்விட்டார். நான் நின்று பார்த்தேன், குனிந்து பார்த்தேன், கடைசியில் குதிரை ஏறுகிறவன் மாதிரி மரத்தின் மேல் இருபுறமும் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்துவிட்டேன். பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டுமே என்று அரிசிச் சாக்கை மார்போடு கட்டிக்கொண்டு, அங்குலம் அங்குலமாக நகர்ந்தேன். நடுவில் சாக்கு தலைகீழாகிவிட்டதை நான் கவனிக்கவில்லை. எதிர்க்கரையில் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"சர்க்காரு குதிரையில வருதுடி" என்றது ஒரு குரல்.

கரை ஏறியதும் முருகையன் மூக்கை உறிஞ்சினார். "என்ன சார், எண்ண வாட அடிக்குது?"

"உன் பாட்டில்தான். ஒழுங்காக் கட்டத் தெரியலையா?" என்றேன். அவர் கம்பில் கட்டிய பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கயிற்றில் இன்னும் ஒரு முடிச்சை இறுக்கிவிட்டு நடந்தார்.

அன்று ஆறு குடிசைகளை அளந்தோம். என்னைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லிக்கொள்கிறேன்: பயந்த கை அளவில் தப்பு செய்யாது. ஒவ்வொரு மூலையையும் இரண்டு தடவை சரி பார்த்தேன். மதியம் மிராசுதாரின் காரியஸ்தர் குடை பிடித்தபடி வரப்பில் வந்தார். பின்னால் ஓர் ஆள் அடுக்குக் கேரியர் தூக்கி வந்தான். வத்தக்குழம்பு வாசனை ஒரு பர்லாங்குக்கு முன்னாலேயே வந்து சேர்ந்தது.

"தம்பி, வெயில்ல கஷ்டப்படறீங்க. ஐயா வீட்லேர்ந்து அனுப்பியிருக்காங்க."

"எங்ககிட்ட எல்லாம் இருக்குங்க" என்று சாக்கைக் காட்டினேன். எவ்வளவு மிடுக்காகக் காட்டினேன் என்பதை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது. தோள்பையிலிருந்த கட்டுச்சோற்றை அவர் எதிரிலேயே பிரித்துச் சாப்பிட்டோம். அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். ராத்திரிக்கும் கட்டுச்சோறே போதுமானதாக இருந்தது. மாரியம்மன் கொட்டகையில் படுத்தோம். ஆகவே சாக்கை மறுநாள் காலையில்தான் அவிழ்த்தோம்.

பாட்டில் காலி. காகித அடைப்பு அவலுக்குள் கிடந்தது. அரிசி, அவல், வெல்லம், பருப்புப்பொடி எல்லாம் விளக்குத்திரி மாதிரி எண்ணெய் குடித்திருந்தன. முருகையன் பாட்டிலைக் கையில் எடுத்துப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அரிசியை வாய்க்காலுக்கு எடுத்துப் போய் ஏழு தண்ணீரில் அலசினார். பொங்கினோம். பொங்கப் பொங்க வாடை கூடியது. நான் ஒரு வாய் போட்டேன். அடுப்புப் பக்கம் போனால் பற்றிக்கொள்வேனோ என்று பயந்து துப்பினேன். மொத்தச் சோற்றையும் வாய்க்கால் கரையில் கொட்டிவிட்டு வேலைக்குப் போனோம்.

இன்னும் ஐந்து குடிசை. கடை என்றால் மிராசுதார் தெருவில்தான். போய்வர அரை நாள் ஆகும். மறுநாள் விசாரணை. முருகையன் கணக்குப் போட்டுவிட்டார்.

"புளிக்காய்ச்சல் ஜாடி நல்லாத்தான் இருக்கு சார். எம் பொஞ்சாதி மெழுகு வெச்சு மூடினது. ஒரு வெரலு நக்கிக்கிட்டு ரெண்டு சொம்பு தண்ணி குடிங்க. பொழுது சாய பஸ்ஸாண்ட் போயிட்டா இட்லி தின்னலாம்."

ஒரே ஒரு பகல். அவ்வளவுதான் கேட்டார்.

எட்டாவது குடிசையில் எனக்குக் கண்ணை இருட்டியது. இருட்டியதா, இருட்டும் என்று நினைத்தேனா, இன்றுவரை தெரியாது. வயலில் மயங்கி விழுந்து, சேற்றில் மூக்கு புதைந்து, நான் செத்துப்போய், என் அளவுப் புத்தகத்தை நெஞ்சில் வைத்துக்கொண்டு எங்கள் வீட்டில் அழுகிறார்கள். இந்தப் படம் முழுதும் ஓடி முடிந்துவிட்டது. அந்தக் குடிசைக்காரி அஞ்சலை. நாற்பது வயது இருக்கும். முதல் நாள் 'சர்க்காரு குதிரையில வருது' என்று சொன்ன குரல் இவளுடையதுதான். என் முகத்தைப் பார்த்துவிட்டு வாசற்படியில் நின்று கேட்டாள்.

"பழையது கெடக்கு சார். வயநண்டு வறுத்திருக்கேன். எங்க வூட்ல கை நனப்பீங்களா?"

கேட்டுவிட்டு உள்ளே போகவில்லை. பதிலுக்காக நின்றாள். பக்கத்துக் குடிசைகளின் வாசல்களிலும் ஆட்கள் நின்றார்கள். அந்தத் திடலுக்கு வந்த எந்த அதிகாரியும் அங்கே ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கிக் குடித்ததில்லை. ஆபீஸ் சட்டத்துக்காகக் குடிக்காதவர்கள் கொஞ்சம். சாதிக்காகக் குடிக்காதவர்கள் மீதி. வாசலில் நிற்கிறவளுக்கு இரண்டும் ஒரே மறுப்புதான்.

இதை வைத்து இன்றைக்கு நான் பெருமையடித்துக்கொள்ளலாம். சாதி பாராமல் உட்கார்ந்து சாப்பிட்டேன் என்று எழுதினால் மலரில் கைதட்டு விழும். பொய். எனக்குப் பசி. பசியைவிட, பசியால் செத்துவிடுவேன் என்ற பயம்.

முருகையன் என் கையைத் தொட்டார். அதற்கு முன்பு ஒருநாளும் தொட்டதில்லை. "வேணாம் சார். இன்னும் மூணு வூடுதான்."

"நீயும் சாப்பிடேன்."

"எனக்கு இங்க பாதிப் பேரு ஒறவு சார். நான் தின்னா கேள்வியே இல்லாம வழக்க முடிச்சிருவாங்க. நீங்களும் வேணாம்."

நான் உட்கார்ந்துவிட்டேன். மண் சட்டியில் பழையசோறு. பக்கத்தில் மிளகு போட்டு வறுத்த நண்டு. அது பஞ்ச மாதம், அறுப்புக்கு இன்னும் நாள் இருந்தது. அந்தச் சோறு அவர்களுடைய எந்த வேளைச் சோறு என்று நான் கேட்கவில்லை. முருகையன் ஒதிய மரத்தடியில் புளிக்காய்ச்சல் ஜாடியைத் திறந்துவைத்துக்கொண்டு விரலை நக்கினார். தூரத்து வரப்பில் காரியஸ்தரின் குடை போய்க்கொண்டிருந்தது. வாய்க்கால் கரையில் அது கொஞ்ச நேரம் நின்றது.

வெள்ளிக்கிழமை தாலுகா கச்சேரியில் விசாரணை. தாசில்தார் மேசைக்குப் பின்னால். கலியபெருமாள் சார் சுவரோரம், குடையைக் கால்களுக்கு நடுவே நிறுத்திக்கொண்டு. திடல் ஆட்கள் ஜன்னலுக்கு வெளியே, அஞ்சலையும் அங்கேதான். மிராசுதாரின் வக்கீல் என் படத்தைப் பார்க்கவே இல்லை. அளவு பற்றி ஒரு கேள்வியும் இல்லை.

"ஒதியந்திடல் வாய்க்கால் கரையில ஒரு குவியல் சோறு கிடந்தது. காக்கா கூட வாய் வைக்கல. அது உங்க சோறா?"

"ஆமாங்க."

"ஏன் கொட்டினீங்க?"

"மண்ணெண்ணெய் கலந்துடுச்சுங்க."

அறையில் சிரிப்பு. வக்கீலும் சிரித்தார்.

"பாவம். அப்ப அன்னிக்கு மதியம் எங்க சாப்பிட்டீங்க?"

புளிக்காய்ச்சல் நக்கினேன் என்று சொல்லியிருக்கலாம். முருகையன் அதற்குச் சாட்சி சொல்லியிருப்பார். ஆனால் பொய் சொல்வதற்கும் கொஞ்சம் தைரியம் வேண்டியிருக்கிறது. நான் கலியபெருமாள் சாரைப் பார்த்தேன். அவர் குடையின் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"கொஞ்சந்தாங்க. நண்டு கூட ஒண்ணே ஒண்ணுதான்."

இந்தத் தடவை தாசில்தாரே சிரித்துவிட்டார். ஜன்னலுக்கு வெளியே அஞ்சலை முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். தன் வீட்டு நண்டு கச்சேரி வரைக்கும் வந்துவிட்டதே என்று அவளுக்குப் பெருமை. எல்லாரும் சிரித்து முடித்ததும் வக்கீல் கேட்டார்.

"யார் வீட்டு நண்டு?"

ஜன்னல் பக்கம் பார்த்து அஞ்சலையின் பெயரைச் சொன்னேன். தாசில்தார் பேனாவைக் கீழே வைத்தார்.

உத்தரவு மூன்று வரி. அளந்தவர் ஒரு தரப்பின் விருந்தினராக இருந்தபடியால் இந்த அளவை நடுநிலையானதாகக் கொள்ள இயலாது. மழைக்குப் பிறகு வேறு அலுவலரைக் கொண்டு மீண்டும் அளக்க வேண்டும். அந்த மொழி திடல் ஆட்களுக்குப் புரியவில்லை. "மறுபடி அளக்க வருவாங்களாம்" என்று மட்டும் தெரிந்துகொண்டு போனார்கள். அஞ்சலை போகும்போது என்னைப் பார்த்துக் கும்பிட்டாள்.

எல்லாரும் போன பிறகு கலியபெருமாள் சார் வராந்தாவில் கோரைப்பாயை விரித்தார். அவரே விரித்தார். மூட்டையைக் கொண்டுவரச் சொன்னார். சாமான்களைப் பரப்பினேன். குடை நுனி பிளேடைத் தொடவில்லை, விசிலைத் தொடவில்லை. காலிப் பாட்டிலின் மேல் போய் நின்றது.

"இவரு எதுக்கு வந்தாரு?"

அவர் திட்டினால் தேவலை என்று இருந்தது. திட்டவில்லை.

"மூட்டையில எல்லாத்தையும் வெச்சிருக்கே. ஒரு வேளைப் பட்டினியை வெக்க மட்டும் எடமில்லாமப் போச்சு" என்றார். பாயைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அதற்குப் பிறகு என் மூட்டையை அவர் ஒருநாளும் சோதிக்கவில்லை.

அந்த ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஒதியந்திடலை ஒட்டிய வரப்பு ஓர் இடத்தில் உடைந்தது. உடைந்ததா, வெட்டினார்களா என்பதற்குச் சாட்சி இல்லை. மேட்டில் இடுப்பளவு தண்ணீர் எட்டு நாள் நின்றது. மண்சுவர் எட்டு நாள் தாங்காது. ஆட்கள் சட்டி பானையோடு வெளியேறினார்கள். தண்ணீர் வடிந்ததும் திரும்பிப் போனார்கள். அதற்குள் அங்கே ஏர் ஓட்டியாகிவிட்டது. ஒதிய மரத்தையும் காணோம். மறு அளவைக்குப் போன சர்வேயர் யோக்கியமானவர். கண்டதை எழுதினார்: 'குடியிருப்பு ஏதும் இல்லை. உழுத நிலம்.'

என் படத்தை ரத்து செய்து கோப்பில் கட்டி வைத்தார்கள். முப்பது வருஷ வேலையில் நான் வரைந்ததிலேயே சுத்தமான படம் அதுதான். பதினொரு குடிசையும் மூலை மூலையாக அதில் நிற்கின்றன. எந்தக் குடிசையில் அடுப்பு எந்தப் பக்கம் என்பது வரைக்கும் இருக்கிறது.

பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து, வேதாரண்யம் போகிற சாலையில் ஒரு மதகு வேலைக்கு அளக்கப் போனோம். வழக்கு கிழக்கு எதுவும் இல்லாத வேலை. முருகையனுக்கு ஓய்வு பெற இன்னும் சில மாதங்கள்தான். அதற்குள் நான் 'நீங்க'வுக்கு மாறியிருந்தேன். அவர் மட்டும் 'சார்' என்பதை விடவில்லை. வாய்க்கால் கரைப் புறம்போக்கில் வரிசையாகக் கீற்றுக் கொட்டகைகள். ஒன்றிலிருந்து ஒரு பெண் கையைக் கண்ணுக்கு மேலே வைத்துப் பார்த்தாள். உப்பளத்து வேலை. கால் இரண்டும் வெடித்து வெளுத்திருந்தன.

"குதிர சார்தானே?"

எனக்கு அங்கேயே திரும்பி நடக்க வேண்டும் போல இருந்தது. அஞ்சலை பக்கத்துக் கொட்டகைக்காரியைக் கூப்பிட்டாள்.

"இந்தாடி, சொல்லுவேன்ல, அந்த சார் இவருதான். எங்க வூட்ல கை நனச்ச ஒரே சர்க்காரு ஆளு. கச்சேரியில அத்தினி பேருக்கு முன்னாடி, ஆமா, அவ வூட்டு நண்டைத்தான் தின்னேன்னு சொன்னாருடி."

அந்தப் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். முருகையன் வாய்க்காலைப் பார்த்தார்.

"உக்காருங்க சார். மீன் கொழம்பு இருக்கு."

"வயிறு சரியில்லம்மா" என்றேன். பொய். வயிறு நன்றாகத்தான் இருந்தது.

"அப்ப மட்டும் நல்லா இருந்துச்சாக்கும்" என்று சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. அவள் முகத்தில் என்னவோ இறங்கியதைப் பார்த்தேன். மற்ற அதிகாரிகளோடு என்னையும் சேர்த்துக்கொண்டிருந்தாள். நான் என்ன சொல்ல முடியும்? அன்றைக்கு உன் சோற்றைத் தின்றதால்தான் இன்றைக்கு நீ இங்கே இருக்கிறாய் என்று சொல்வதா? நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவளிடம் மிஞ்சியிருந்தது அந்த ஒரு பெருமைதான். அதையும் பிடுங்கிக்கொண்டு போகத் துணியவில்லை. இது கோழைத்தனமா, வேறு ஏதாவதா, படிக்கிறவர்கள் சொல்லுங்கள். எனக்குத் தெரிந்தவரை, வழக்கம்போலப் பயம்தான்.

"கட்டிக் குடுத்துடு தாயி. சார் போற வழியில சாப்பிடுவாரு" என்றார் முருகையன்.

அவள் முகம் தெளிந்தது. வாழையிலையைத் தணலில் வாட்டினாள். சோற்றை வைத்து, நடுவில் குழி செய்து, குழம்பை அளவாக விட்டு மூடினாள். மேலே இன்னோர் இலை. நார் எடுத்துக் குறுக்கும் நெடுக்குமாக இறுக்கினாள். தலைகீழாகப் பிடித்து ஒரு தடவை உதறிக் காட்டினாள். ஒரு சொட்டு வரவில்லை.

"எந்தப் பாலத்துல வேணும்னாலும் கட்டிப்புடிச்சிட்டுப் போங்க, கொட்டாது. பக்கத்துல மண்ணெண்ணெய மட்டும் வெச்சுறாதீங்க."

பொட்டலத்தை வாங்கிக்கொண்டு மதகு வரைக்கும் நடந்தேன். இன்னும் சூடு இருந்தது. மதகுக் கட்டையில் உட்கார்ந்து, பிரிக்காமல், மடியில் வைத்துக்கொண்டே இருந்தேன். முருகையன் செயினைச் சுருட்டிக் கட்டி முடித்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"சாப்பிடுங்க சார்" என்றார். "இப்ப கேக்கறதுக்கு யாரும் இல்ல."